டிரை டார்ட்டூகாஸ் தீவுக்கு ஒரு நாள் பயணம்: பையில் என்ன வைப்பது?

அடுத்த மாதம் புளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து டிரை டார்ட்டூகாஸ் தேசியப் பூங்காவுக்குப் படகில் போகிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள். சுமார் 110 கிலோமீட்டர் கடல்வழி, போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். தீவில் உணவுக் கடை இல்லை, குடிநீர் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. பெயரிலேயே 'வறண்ட' என்று எச்சரித்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள்! நம் குப்பையையும் நாமே திரும்பக் கொண்டுவர வேண்டுமாம்.

தண்ணீர், தொப்பி, சன்ஸ்கிரீன், மாற்றுத்துணி எல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. என் கவலை மகளின் வயிறுதான். போன முறை ஒரு மணி நேரப் படகுப் பயணத்திலேயே என் சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டாள். மருத்துவரிடம் மாத்திரை கேட்கப்போகிறேன். அதைத் தவிர உங்கள் பிள்ளைகளுக்கு எது கைகொடுத்தது? காலையில் லேசாகச் சாப்பிட வைத்தீர்களா, வெறும் வயிறா? படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு?

தீவில் இருக்கும் ஜெபர்சன் கோட்டையின் அகழிச் சுவரை ஒட்டி நீந்தி மீன் பார்க்கவும் ஆசை. சிறுவர் அளவு நீச்சல் கண்ணாடியைச் சொந்தமாகவே வாங்கிவிடலாமா? மணலுக்குச் செருப்பு போதுமா?

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். குடை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மனைவி அதை ஏற்கெனவே பைக்குள் வைத்துவிட்டாள்.