சப்போரோவுக்குத் தனியாக ரயிலில்: சென்று வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி முதல் வாரம் டோக்கியோவிலிருந்து ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள சப்போரோவுக்குத் தனியாகப் போகிறேன். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், தெரியும். ஆனால் கடலுக்கடியில் போகும் 53.85 கிலோமீட்டர் செய்கான் சுரங்கத்தை ரயிலில் கடக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை.

ஷின்கான்சென் அதிவேக ரயில் ஷின்-ஹகோதாதே-ஹொகுதோ நிலையம் வரைதான். அங்கிருந்து சப்போரோவுக்கு ஹொகுதோ என்ற விரைவு ரயிலில் இன்னும் மூன்றரை மணி நேரம். பனி அதிகமானால் இந்த ரயிலை ரத்து செய்துவிடுகிறார்களாமே? அதனால் அருகிலுள்ள ஹகோதாதே நகரில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லதா, ஒரே நாளில் போய்விடலாமா? இதுதான் என் பெரிய கவலை. சப்போரோ பனித் திருவிழாவைத் தவறவிட மனமில்லை. 1950-இல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் செய்த ஆறு பனிச்சிலைகளில் தொடங்கியது அது.

அப்புறம், ஹொகுதோ ரயிலில் வலப்பக்க ஜன்னலில் கடல் தெரியும் என்றார்கள், சரிதானா? வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் முள்பட்டையை இங்கேயே வாங்கவா, அங்கே கடைகளில் கிடைக்குமா? நான் சுத்த சைவம். அங்கே பிரபலமான, சூப் போல நீர்த்த மசாலாக் குழம்பான ‘சூப் கறி’யில், காய்கறி வகையில்கூடக் கோழிச்சாறோ மீன்சாறோ சேர்ப்பார்கள் என்கிறார்கள். நம்பிச் சாப்பிடக்கூடிய இடம் தெரிந்த அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள். இந்த வாரக் கடைசியில் டிக்கெட் எடுக்கிறேன்.