கேரவன் ஏசி: மில்டூராவில் பட்ட பாடு

மெல்பர்னிலிருந்து:

இரண்டு வருடம் முன்பு ஜனவரி கோடை விடுமுறையில் கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியை, இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊரான மில்டூரா போனோம். கால்டர் நெடுஞ்சாலையில் 540 கிலோமீட்டர் சொச்சம். மர்ரி ஆற்றங்கரையில் ஒரு கேரவன் பார்க்கில் (வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் வாடகைக்குத் தரும் இடம்) இடம் பிடித்து நிறுத்தும்போது வெளியே 43 டிகிரி. ஏசியைப் போட்டேன். பத்து நிமிடம் ஓடியது, நின்றது. மறுபடி போட்டேன். உறுமியது, நின்றது. வண்டியோடு வந்த பழைய கூரை ஏசி, ஆயுசு முடிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். உள்ளே இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து இடத்தில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் பீர் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தவர் கூரைப் பக்கம் தலையைக்கூடத் தூக்கவில்லை. குனிந்து என் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். பிளக் செருகும் மின்கம்பம் தள்ளி இருந்ததால் இரண்டு ஒயரைச் சேர்த்துப் போட்டு, மிச்சத்தை வண்டிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தேன். அந்தச் சுருள் தோசைக்கல் மாதிரி சுட்டது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் உருகியிருக்கும் என்றார்.

விஷயம் இதுதான். 43 டிகிரியில் அந்த இடத்தில் நிற்கும் எல்லா வண்டியிலும் ஏசி ஓடுகிறது. கம்பத்துக்கு வரும்போதே மின்னழுத்தம் இறங்கித்தான் வருகிறது. ஒல்லி ஒயர் மிச்சத்தையும் தின்றுவிடுகிறது. கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். அது கிடைக்காவிட்டால் திணறிச் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அவர் தன்னிடம் இருந்த தடித்த ஒயரை, ஒரே துண்டாக, சுருட்டாமல் விரித்துப் போட்டுக் கொடுத்தார். நின்ற உடனே திரும்பப் போடாதே, மூன்று நிமிடம் விடு, உள்ளே அழுத்தம் சமமாகட்டும் என்றும் சொன்னார். அன்று இரவு மாமியார் போர்வை கேட்டார்.

அந்த ஏசி அடுத்த வருடம் நிஜமாகவே போனது. புதிது வாங்கப் போனபோது கடைக்காரர் 3.5 கிலோவாட், அதாவது நம்ம ஊர்க் கணக்கில் ஒரு டன், அதில்தான் குறியாக இருந்தார். நான் கேட்டது வேறு கேள்வி: இதை எங்கே செருகுவது? கேரவன் பார்க்குகளில் இருப்பது 15 ஆம்ப் பாயிண்ட். அதற்கான பிளக்கின் எர்த் பின் அகலம், வீட்டுச் சுவரில் உள்ள 10 ஆம்ப் பாயிண்டில் போகாது. பின்னை அரத்தால் ராவி நுழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது சட்டப்படியும் தப்பு, தீப்பிடிக்கவும் வழி. பார்க்கிலேயே தங்குகிறவருக்கு எந்த ஏசியும் ஓடும். காட்டுப் பக்கம் 2 கேவிஏ ஜெனரேட்டரோடு போகிறவர் பார்க்க வேண்டியது கிளம்பும் மின்சாரத்தைத்தான். இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) மெல்ல வேகம் பிடிக்கும், சின்ன ஜெனரேட்டரும் தாங்கும். பழைய வகையென்றால், கிளம்பும் மின்சாரத்தைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்று பொருத்தலாம்.

என் வண்டி 18 அடி. 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவான இன்வெர்ட்டர் ஏசிதான் வாங்கினேன். ரொம்பப் பெரிதாகப் போட்டால் சட்டென்று குளிர்ந்து சட்டென்று நின்றுவிடும், ஈரம் போகாமல் உடம்பு பிசுபிசுக்கும். அப்புறம், கூரையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையின் அளவை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சில வண்டிகளில் 14 அங்குலச் சதுரம், சிலவற்றில் 40 சென்டிமீட்டர். பல ஏசிகளின் எடையும் 30 கிலோவுக்கு மேல் போகும். கூரைச் சட்டம் அதைத் தாங்க வேண்டும், வண்டியின் மொத்த எடை வரம்பிலும் அது அடங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைக்கும் வகையும் உண்டு. நண்பர் வைத்திருக்கிறார். கூரை தப்பித்தது, சாமான் வைக்கும் இடம் போனது.

டவுன்ஸ்வில்லிலிருந்து (ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடற்கரை):

அண்ணா, உங்களுக்கு ஒயர், எங்களுக்குத் தண்ணீர். இங்கே மழைக்காலத்தில் காற்றைப் பிழிந்தால் சொட்டும். போன வருடம் நடு இரவில் தலையணை நனைந்திருந்தது. ஏசியின் கீழ் மூடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கும் ஏசிக்கும் நடுவில் மழைநீரைத் தடுக்கும் ஃபோம் பட்டை, அதாவது கேஸ்கெட், போய்விட்டது என்று கணவர் சிலிகான் டப்பாவோடு ஏணியில் ஏறப் போனார். நான்தான் தடுத்தேன். மழை பெய்யாத இரவில் கேஸ்கெட் எப்படி ஒழுகும்?

காலையில் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் வடியும் துளையில் மண்குளவி கூடு கட்டியிருக்கிறது. போதாததற்கு வண்டியின் மூக்கு தூக்கி நின்றதால் தண்ணீர் பின்பக்கமாகத் தேங்கி உள்ளே வழிந்திருக்கிறது. கூட்டைக் குச்சியால் நோண்டி எடுத்து, வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தினோம். அவ்வளவுதான். கேஸ்கெட்டின் போல்ட்டுகளை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, தளர்ந்திருந்தால் இறுக்குகிறோம். ரொம்ப முறுக்கினால் ஃபோம் நசுங்கிப் போகும்.

இங்கிருந்து உள்நாட்டு ஊரான மவுண்ட் ஐசா 900 கிலோமீட்டர். ஒருமுறை போய்வந்த பிறகு ஃபில்டரைத் தட்டினேன், செங்கல் சூளைக்குள் நின்ற மாதிரி ஒரே சிவப்புத் தூசி. ஊர் சுற்றும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துப் போடுகிறேன். மேலே இருக்கும் காயிலுக்கு மெல்லிய பிரஷ் போதும். கார் கழுவும் பிரஷர் தண்ணீரை அடித்தால் காயிலின் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், அனுபவம்.

சென்னையிலிருந்து:

சார், நம்ம ஊரில் கேரவன் என்றால் சினிமா கேரவன். பதினான்கு வருடமாக ஷூட்டிங் வண்டிதான் ஓட்டுகிறேன், பராமரிப்பும் என் வேலைதான். எங்கள் வண்டிகளில் வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி நிறைய. விலை குறைவு, எந்தத் தெருவிலும் மெக்கானிக் கிடைப்பார். ஆனால் அது சுவரில் அசையாமல் தொங்கச் செய்த பொருள். பொள்ளாச்சி பக்கம் ஒரு மாதம் மேடு பள்ளத்தில் ஓடினால் குழாய் இணைப்பு நட்டு தளரும், கேஸ் மெல்லக் கசியும். மெக்கானிக் வருவார், கேஸ் நிரப்புவார், காசு வாங்குவார். அடுத்த ஷெட்யூலில் திரும்ப அதே கதை. மூன்றாவது முறை நானே சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், இணைப்பில் குமிழி வந்தது. கேஸ் தானாகத் தீராது சார். குறைந்தால் எங்கேயோ ஓட்டை. முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். ஈசிஆரில் கடலோரம் வாரக்கணக்கில் நின்றால் உப்புக்காற்றில் காயிலின் அலுமினியம் மாவாக உதிரும். பேக்கப் ஆனதும் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவேன்.

இதெல்லாம் செலவு. உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்துதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்தச் செய்தி வந்த அன்று நான் வண்டிக்கு அடியில் படுத்து, தரையில் ஒயர் போகும் ஒவ்வொரு ஓட்டையையும் டார்ச் அடித்துப் பார்த்து அடைத்தேன். இப்போது ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே யாரையும் தூங்க விடுவதில்லை. ஹீரோவாக இருந்தாலும் சரி.

பெர்த்திலிருந்து:

லித்தியம் பேட்டரியிலேயே இரவு முழுக்க ஏசி ஓட்டலாம் என்கிறார்களே, யாராவது செய்திருக்கிறீர்களா?

மெல்பர்னிலிருந்து:

நான் முயன்றேன். 12 வோல்ட்டில் 200 ஆம்ப்-மணி பேட்டரி என்றால் கையில் இருப்பது சுமார் 2.5 யூனிட். ஏசி முழு மூச்சில் ஒரு கிலோவாட் இழுத்தால், பேட்டரி மின்சாரத்தை ஏசிக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் வகை ஏசி குறைவாக இழுக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் நீளும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஓட்ட அது அருமை. மில்டூரா இரவுக்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு பேட்டரியும் கூரை நிறைய சோலாரும் வேண்டும், அந்தக் காசுக்கு நான் பார்க் வாடகை கட்டிக்கொள்கிறேன். ஏசியைப் போடும் முன் கதவு, கூரை ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து கொதிக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். வெயில் படும் பக்கம் வண்டியோடு இருக்கும் துணிப் பந்தலை இழுத்துவிடுங்கள். பைசா செலவில்லாமல் ஏசியின் பாதி வேலை மிச்சம்.

சென்னை அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவே டார்ச்சோடு வண்டிக்குப் போனேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் சுவரில் இருக்கிறது. திறந்து பார்த்தால் பேட்டரி இல்லை. சின்னவன் தன் ரிமோட் காருக்கு எடுத்துப் போட்டிருக்கிறான்.