கும்பிட ஆள் இல்லாத குருத்வாராவும் தொழ ஆள் இல்லாத மசூதியும் யாருக்கு?

வடக்குவீதி:
பாகிஸ்தானில் குவெட்டா நகரத்து குரு சிங் சபா குருத்வாராவை 2020 ஜூலையில் சீக்கியர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 73 வருஷம் அது பெண்கள் பள்ளிக்கூடமாக நடந்தது. அந்தச் செய்தியை இங்கே ஒருவர் பகிர்ந்தபோது, "பள்ளிக்கூடத்தை மூடித்தான் சாமி கும்பிடணுமா" என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தத் திரி.

என் நிலை இதுதான். 1947இல் பஞ்சாபைப் பிரித்தபோது சில மாதங்களுக்குள் மேற்கிலிருந்து சீக்கியரும் இந்துக்களும், கிழக்கிலிருந்து முஸ்லிம்களும் கிட்டத்தட்ட மொத்தமாக வெளியேறினார்கள். மலேர்கோட்லா மாதிரி ஒன்றிரண்டு இடம்தான் தப்பியது. ஊருக்கு ஊர் குருத்வாராவும் மசூதியும் திறந்த கதவோடு நின்றன. அப்புறம் அவை வீடாயின, மாட்டுக்கொட்டிலாயின, கோதுமைக் கிடங்காயின, பள்ளியாயின, இன்னொரு மதத்தின் கோயிலாயின. இரண்டு நாட்டிலும் இதே கதைதான். அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் அதன் பெயரும் உருவமும் நிலைக்கும்படி பாதுகாக்க வேண்டும். "இப்போது அங்கே யாரும் இல்லையே" என்பது காரணமே ஆகாது. சீக்கியர்கள் 1947க்குப் பிறகு தங்கள் அன்றாட அர்தாஸ் வேண்டுதலிலேயே ஒரு வரி சேர்த்தார்கள்: குரு நானக் பிறந்த நன்கானா சாகிப் முதலாகப் பாகிஸ்தான் பக்கம் பிரிந்துபோன குருத்வாராக்களைத் தடையின்றித் தரிசிக்கும் பாக்கியம் வேண்டும் என்று. தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மழைக்காகிதம்:
அந்தப் பதிலைப் போட்டது நான்தான், அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

லயல்பூரில் (இன்றைய பாகிஸ்தானின் ஃபைசலாபாத்) நிலமும் வீடும் விட்டு, வழியில் பாதிக் குடும்பத்தைப் பறிகொடுத்து ஜலந்தருக்கு வந்து சேர்ந்தவன் எங்கே படுத்தான்? காலியாகக் கிடந்த மசூதியில். அம்பாலாவிலிருந்து லாகூருக்கு ஓடிய முஸ்லிம் எங்கே படுத்தான்? காலியாகக் கிடந்த கோயிலில், குருத்வாராவில். அவர்கள் திருடர்கள் இல்லை, கூரை இல்லாதவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே சுவருக்குள் அடுப்பு வைத்திருக்கிறார்கள், அவர்களை எழுப்பிவிட்டு யாரும் வராத ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? குவெட்டாவில் அந்த மாணவிகளைப் பக்கத்துப் பள்ளிகளில் போய்ச் சேரச் சொன்னார்கள். பலூசிஸ்தானில் ஒரு பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். கல்லைவிட மனிதர்தான் முக்கியம்.

வடக்குவீதி:
இதே வாதத்தை 1948 ஜனவரியில் டெல்லியில் ஒருவரிடம் நேருக்கு நேர் வைத்தார்கள். வடநாட்டுக் குளிர். மேற்கிலிருந்து வந்த அகதிகள் கூடாரத்திலும் மசூதிகளிலும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் காந்தி 13ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். ஆக்கிரமித்த மசூதிகள் முஸ்லிம்களிடம் திரும்ப வேண்டும், மெஹ்ரோலி தர்காவில் உரூஸ் என்ற ஆண்டு விழா வழக்கம்போல நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கேட்டவை. வெளியே அகதிகள் "காந்தி சாகட்டும்" என்று கத்தினார்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இழந்தது அவ்வளவு. ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அகதிக்குக் கூரை கொடுக்க வேண்டியது அரசின் வேலை, அதற்குப் பக்கத்து வீட்டுக்காரனின் மசூதியை எடுத்துக் கொடுக்க முடியாது என்ற இடத்தில் நின்றார். 18ஆம் தேதி இந்து, சீக்கிய, முஸ்லிம் தலைவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழியில், மசூதிகளைத் திருப்பிக் கொடுப்போம் என்பதும் இருந்தது. 27ஆம் தேதி அவரே மெஹ்ரோலி உரூஸுக்குப் போனார். மூன்று நாளில் சுட்டுக் கொன்றார்கள்.

இதைவிட மோசமான நேரம் இருக்க முடியுமா? அந்த நேரத்திலேயே கேட்க முடிந்ததை, எல்லாருக்கும் கூரை கிடைத்து இத்தனை வருஷம் கழித்துக் கேட்கக் கூடாதா?

மழைக்காகிதம்:
டெல்லியில் முஸ்லிம்கள் இருந்தார்கள். திரும்பிப் போய்த் தொழ ஆள் இருந்தது. இந்தியப் பஞ்சாபில் ஹோஷியார்பூர் பக்கத்துக் கிராமத்தில் யார் இருந்தார்கள்? நீங்கள் காட்டும் உதாரணம் என் பக்கம்தான் சேர்கிறது. ஆள் இருந்தால் கொடு என்கிறேன். ஆள் இல்லாவிட்டால் இருப்பவன் பயன்படுத்தட்டும்.

பழையசட்டம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரெண்டு பேரும் நியாயம் பேசுகிறீர்கள், சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பேசவில்லை. இந்த விஷயத்தில் கட்டடத்தின் தலையெழுத்தை எழுதியது அதுதான்.

இந்தியாவில் வெளியேறியவர் சொத்தை அரசுக் காப்பாளரிடம் ஒப்படைக்க 1950இல் சட்டம் வந்தது. மசூதி போன்ற மத, அறப் பணிகளுக்கென்று முஸ்லிம்கள் எழுதி வைத்த வக்பு சொத்துகள் பிறகு வக்பு வாரியங்களின் கீழ் வந்தன. வெளியேறியவர் சொத்தாகக் கணக்கில் சேர்ந்த பழைய வக்புகளும் வக்புதான் என்பதை 1995 வக்பு சட்டத்தின் 108ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. 2025 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. பஞ்சாப், ஹரியானா மசூதிகளைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதைத்தான். 1991 வழிபாட்டு இடச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். அது 1947 ஆகஸ்ட் 15இல் இருந்த தன்மையைக் காக்கிறது, சரி. ஆனால் அதன் 4ஆம் பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது: சட்டம் வருவதற்கு முன்பே மாற்றிவிட்ட இடம், வழக்குப் போடும் காலக்கெடு தாண்டியிருந்தால் அந்தப் பாதுகாப்புக்குள் வராது. 1947 செப்டம்பரில் மாற்றிய மசூதிக்கு 1991இல் என்ன காலக்கெடு மிச்சம் இருந்திருக்கும்?

பாகிஸ்தானில் கோயில், குருத்வாரா, அவற்றின் நிலம் எல்லாம் வெளியேறியோர் அறக்கட்டளைச் சொத்து வாரியம் என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது. அதன் தலைமையை இந்துவுக்கோ சீக்கியருக்கோ கொடுப்பதில்லை என்பது அங்கே உள்ள சிறுபான்மையினரின் பல காலக் குறை. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அமைத்த சடில் ஆணையத்தின் அறிக்கை 2021இல் வந்தது. 365 கோயில்களில் வாரியம் நேரடியாகப் பார்ப்பது 13, இந்துச் சமூகத்தின் பொறுப்பில் விட்டது 65, மீதி 287 நில அபகரிப்பாளர்களுக்கு விட்ட மாதிரிதான் என்றது. குருத்வாராக்களில் நன்கானா சாகிப், பஞ்சா சாகிப், லாகூர் தேரா சாகிப் மாதிரி யாத்திரை வரும் பெரிய இடங்கள் நன்றாக இருக்கின்றன. லாகூர் பக்கம் எல்லையோரம் ஜாஹ்மன் கிராமத்தில் குரு நானக் நினைவாக நின்ற ரோரி சாகிப் 2023 ஜூலை மழையில் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. யாத்திரைப் பாதையில் இல்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை.

திருப்பூர்க்காரன்:
"ஆள் இல்லை" என்று மழைக்காகிதம் தோழர் சொல்வது பழைய கணக்கு. பனியன் தொழில் விஷயமாக லூதியானாவில் கொஞ்ச காலம் இருந்தவன் நான். அங்கே கம்பளி ஆலைகளில் பிகார், உத்தரப் பிரதேச முஸ்லிம் தொழிலாளிகள் ஏராளம். வெள்ளிக்கிழமை மதியம் மசூதி நிரம்பித் தெருவில் பாய் விரித்துத் தொழுவார்கள். அதே பஞ்சாபில் வேறு இடங்களில் பழைய மசூதி பூட்டிக் கிடக்கும், அல்லது வக்பு வாரியமே கடைக்குக் குத்தகை விட்டிருக்கும். 1947இல் போனவர்கள் திரும்பவில்லை, ஆனால் தொழுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் ஏழைகள், வாடகை அறையில் பத்துப் பேர் தங்குபவர்கள், வழக்குப் போட அவர்களிடம் காசும் இல்லை நேரமும் இல்லை.

மழைக்காகிதம்:
சரி, லூதியானாவில் கேட்பவர்களுக்குக் கொடுக்கட்டும், நான் எதிர்க்கவில்லை, என் விதியே அதுதான். ஆனால் நீங்கள் எல்லாரும் சட்டம், வாரியம், ஆணையம் என்கிறீர்கள். வாரியத்திடம் இருந்தவைதானே குத்தகைக்குப் போயின, இடிந்து விழுந்தன? நல்லபடியாக நிற்பவற்றைப் பாருங்கள், அதன் பின்னால் அந்த ஊர்க்காரர்கள் இருப்பார்கள். இந்தியப் பஞ்சாபில் மோகா மாவட்டம் பூலர் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவினைக்கு முன் இருந்த மசூதி சிதைந்து போயிருந்தது. ஊரை விட்டுப் போகாத நாலு முஸ்லிம் குடும்பங்களுக்காக 2021இல் ஊரே சேர்ந்து புதிய மசூதிக்கு அடிக்கல் நாட்டியது. அன்று மழை கொட்டியதால் விழாவைக் குருத்வாராவுக்குள் நடத்தினார்கள். எந்தச் சட்டப்பிரிவு இதைச் செய்யச் சொன்னது?

வடக்குவீதி:
பூலர் நல்ல கதை. அதைவிடப் பெரியது பியாஸ் ஆற்றங்கரையில் ஸ்ரீ ஹர்கோபிந்த்பூரில் இருக்கிறது. ஆறாவது குரு ஹர்கோபிந்த் தன் ஊரில் முஸ்லிம்களுக்காகக் கட்டிக் கொடுத்த மசூதி, 'குரு கி மசீத்' என்றே பெயர். 1947இல் ஊர் முஸ்லிம்கள் போய்விட்டார்கள். பிறகு போர்வீர மரபில் வந்த நிகாங் சீக்கியர்கள் அதைக் கையில் எடுத்து, உள்ளே சீக்கிய வேதமான கிரந்த் சாகிப் வைத்து, வாசலில் நிஷான் சாகிப் கொடி ஏற்றிப் பார்த்துக்கொண்டார்கள். பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு ஒன்று வந்து பழுது பார்த்த சமயத்தில் நிகாங்குகளும் வக்பு வாரியமும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். 2002இல் அங்கே மறுபடி தொழுகை நடந்தது. மசூதி என்ற உரிமை வக்புக்கு, காவல் பொறுப்பு நிகாங்குகளுக்கு. குரு கட்டியது என்பதால் அவர்களுக்கு அது அந்நியமாகப் படவே இல்லை. நான் "உருவம் நிலைக்க வேண்டும்" என்று முதலில் சொன்னது இதைத்தான்.

மழைக்காகிதம்:
நீங்களே சொல்கிறீர்கள், கிரந்த் சாகிப் வைத்துக் கொடி ஏற்றினார்கள் என்று. உங்கள் அளவுகோலில் அது ஆக்கிரமிப்பு. என் அளவுகோலில் அவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் உட்காராமல் இருந்திருந்தால் செங்கல் செங்கலாகப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். பயன்பாட்டில் இருந்ததால்தான் கட்டடம் நின்றது என்பதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்?

பழையசட்டம்:
ரெண்டு பேருக்குமே அந்த இடம் ஒத்துவராது. நிகாங்குகள் நல்லவர்களாக இருந்தார்கள், பேசினார்கள், சம்மதித்தார்கள். சம்மதிக்காத ஊரில் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசை நம்பித்தான் ஒரு சிறுபான்மை தன் வழிபாட்டு இடத்தைப் பெற வேண்டும் என்றால் அதற்கு உரிமை என்று பெயர் வைக்க முடியாது.

லாகூர் ஷஹீத்கஞ்ச் வழக்கைப் பாருங்கள். மசூதியாக இருந்த கட்டடம் சீக்கியர் ஆட்சிக் காலத்திலிருந்து அவர்கள் கையில் இருந்தது, 1935 ஜூலையில் இடித்தார்கள், ஊர் பற்றி எரிந்தது. 1940இல் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், காலக்கெடு தாண்டிவிட்டது, சொத்து சீக்கியர்களுடையது என்றது. ஏழே வருஷத்தில் லாகூர் பாகிஸ்தானுக்குள் போனது, சீக்கியர்கள் ஊரிலேயே இல்லை. பாகிஸ்தான் உருவாவதற்கு முன் பஞ்சாப் முஸ்லிம்களை அந்த அளவுக்குக் கொதிக்க வைத்த இடம் வேறில்லை. இருந்தும் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டு அதை மசூதியாக்கவில்லை, சீக்கியத் தியாகி பாயி தாரு சிங் நினைவு குருத்வாராவாகத்தான் இருக்கிறது. சண்டைக்கு வரும் கோஷ்டிகள் உண்டு, ஆனாலும் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதே ஷஹீத்கஞ்ச் தீர்ப்பை 1994இல் அயோத்தி நில வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் எடுத்துக் காட்டியது, மசூதியையும் அனுபவ பாத்தியத்தால் (பல காலம் இன்னொருவர் கையில் இருந்ததால் அவருக்கு வரும் உரிமையால்) இழக்க முடியும் என்பதற்கு. காலக்கெடு என்ற ஒரே சட்டக் கருவி ஓரிடத்தில் ஒரு சிறுபான்மைக்குக் கவசமாகிறது, இன்னோர் இடத்தில் இன்னொரு சிறுபான்மையின் கோரிக்கையை முடித்துவிடுகிறது. அதனால்தான் பிரிவினைச் சொத்துக்கு மட்டும் காலக்கெடு கிடையாது என்று தனியாக எழுத வேண்டும் என்கிறேன். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட நேரு-லியாகத் ஒப்பந்தம் 1950லேயே சிறுபான்மையினருக்குச் சம உரிமையை வாக்களித்தது. வழிபாட்டு இடங்களுக்கு அதைச் சட்டமாக இறக்கவே இல்லை.

திருப்பூர்க்காரன்:
பாகிஸ்தானில் குரு நானக் கடைசிக் காலத்தில் வாழ்ந்த கர்தார்பூரை யாரும் சொல்லவில்லையே. 2019 நவம்பர் 9ஆம் தேதி இந்தியாவிலிருந்து அங்கே எல்லை தாண்டிப் போகும் வழி திறந்தபோது அழாத சீக்கியர் இல்லை. எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தை அதுவரை இந்தியப் பக்கம் தேரா பாபா நானக்கில் நின்று தொலைநோக்கியில் பார்த்துக் கும்பிட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடி அடுத்த வருஷம் நவம்பரில்தான் திறந்தது. 2025 மே மாதம் சண்டை வந்ததும் இந்தியா மறுபடி மூடியது. இவ்வளவு புகழ் பெற்ற இடத்துக்கே இந்த நிலை என்றால் பேர் தெரியாத கிராமத்துக் குருத்வாராவை எந்த ஒப்பந்தம் காக்கும்?

மழைக்காகிதம்:
அதனால்தான் அரசை விட்டு ஊரிடம் கொடுங்கள் என்கிறேன். என் யோசனையைத் தெளிவாக வைக்கிறேன்: கேட்க அஞ்சு குடும்பம் இருந்தால் உடனே கொடு. கேட்க ஆளே இல்லாவிட்டால் பள்ளியோ மருந்தகமோ நடக்கட்டும், ஆனால் இது இன்ன குருத்வாராவாக இருந்தது, இன்ன மசூதியாக இருந்தது என்று வாசலில் பெரிதாக எழுதி வை, மசூதியின் மிம்பரையும் (பிரசங்க மேடை) மிஹ்ராபையும் (தொழுகைத் திசை காட்டும் மாடம்) இடிக்காதே. குடியிருப்பவனைக் காலி செய்வதென்றால் மாற்று வீடு கொடுத்த பிறகுதான்.

வடக்குவீதி:
மாற்று வீடு கொடுத்த பிறகு என்பதில் எனக்கும் சம்மதம். அஞ்சு குடும்பம் என்பதில் சம்மதமே இல்லை. லயல்பூரில் அஞ்சு சீக்கியக் குடும்பம் இல்லாமல் போனது அவர்கள் விருப்பத்தினாலா? கேட்பவர் அமிர்தசரஸில் இருக்கிறார், அவருக்கு விசா கிடைப்பதில்லை. மசூதியைக் கேட்பவர் ஃபைசலாபாதில் இருக்கிறார், அவருக்கும் அதே கதை. ஊருக்குள் ஆளை எண்ணிப் பார்த்து முடிவு செய்தால் விரட்டியவன் எண்ணிக்கைதான் எப்போதும் ஜெயிக்கும்.

பழையசட்டம்:
எண்ணுவதற்கு முன்னால் பட்டியல் வேண்டும். 1947க்கு முந்தைய வருவாய்ப் பதிவேட்டில் ஒவ்வொரு கிராமத்திலும் எது மசூதி நிலம், எது குருத்வாரா நிலம் என்று இருக்கிறது. இரண்டு நாடும் அதை எடுத்து, இன்றைக்கு அங்கே என்ன நிற்கிறது என்று பக்கத்திலேயே எழுதி, பொதுவில் வெளியிடட்டும். பள்ளியா வீடா கிடங்கா என்று தெரிந்த பிறகு உங்கள் ரெண்டு பேர் விதியையும் ஒவ்வொரு ஊருக்காக வைத்துப் பார்க்கலாம். ஜாஹ்மன் மாதிரி இடங்களுக்கு அதுவரைக்கும் காத்திருக்க நேரம் இல்லை, அவற்றுக்கு இந்த வருஷமே கூரையில் தார்ப்பாய் போட ஆள் அனுப்ப வேண்டும்.