ஊருக்குக் கொடுத்ததில் மறக்க முடியாதது: உங்கள் அனுபவம்?

அறந்தாங்கி மருமகள்:
போன வருஷம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் கல்விச் சீர் எடுத்தோம். எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: மேளம், தாம்பாளத் தட்டுகள், தலையில் நாற்காலி, வண்டியில் பீரோ. சீர் நோட்டு எழுத உட்கார்ந்தவர் கல்யாண வீடுகளில் மொய் எழுதிப் பழகியவர். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா இரண்டு ஈர்க்குமாறுகளைத் தட்டில் வைத்து நீட்டினார். அவரே ஓலை கிழித்துக் கட்டியவை. பிடிக்கு மஞ்சள் கூடத் தடவியிருந்தார். “எவ்வளவுன்னு போடட்டும்?” என்று கேட்டார் நோட்டுக்காரர். “வெலமாறு ரெண்டுன்னு எழுதுங்கண்ணே, எம் பேரன் இங்கதான் ரெண்டாப்பு படிக்கிறான்.”

எழுதினார். ஆனால் மைக்கில் வாசித்தபோது ஃபேன் கொடுத்தவர், பணம் கொடுத்தவர் பெயர்கள்தான் வந்தன. அந்த அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெயர் வரைக்கும் நின்றார். அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

பனையூர்க்காரன்:
மைக் வைத்ததே தப்பு. கொடுப்பவன் பெயர் எதற்கு? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றுதானே சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் கட்டிக் கொடுத்தவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நாசரேத் பொண்ணு:
தம்பி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கோயிலில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் ஒரு விதவைப் பாட்டி கொண்டுவந்த பூசணிக்காய். ஏலம் விட்டவர் சத்தமாக, “நம்ம பாட்டி தோட்டத்துக் காய்!” என்றார். எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, “திரும்ப ஏலம் விடுங்க” என்று காயைக் கோயிலுக்கே கொடுத்தார். இப்படியே கை மாறி மாறிப் போனது. பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருஷக் காணிக்கையில்தான் ஊர்ப் பெண் ஒருத்திக்கு நர்சிங் ஃபீஸ் கட்டினார்கள். அறந்தாங்கி அக்கா, அந்த அம்மா பெயரையும் வாசித்திருக்கத்தான் வேண்டும்.

வரிக்கணக்கன்:
நானும் பள்ளிக்கு ஃபேன் கொடுத்தவன்தான். இங்கே யாரும் ரசீது பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். அறக்கட்டளைக்குக் கொடுக்கும்போது, நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு கிடைக்கும் பதிவு (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது, பேங்க் வழியாகப் போடுங்கள். பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. அரசுப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. அப்புறம், வாங்கிக் கொடுக்கும் முன் தலைமை ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் பத்துச் சுவர்க்கடிகாரம் கொடுத்து எந்தப் பிள்ளைக்கும் பிரயோஜனம் இல்லை.

மேலூர் பேத்தி:
பனையூர் அண்ணா, வாங்கிக்கொள்பவர்களுக்கும் பெயர் வேண்டியிருக்கிறது. எங்கள் அம்மாயிக்குக் கண்புரை. ஊர் மண்டபத்தில் கண் முகாம் போட்டார்கள், அங்கிருந்தே பஸ்ஸில் மதுரை அரவிந்துக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு எதற்கும் காசு வாங்கவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் அம்மாயி முதலில் என் அம்மாவைத்தான் பார்த்தார். “ஏன் தாயி, இம்புட்டு நரைச்சிருச்சு?” என்றார். அடுத்த கேள்வி, “முகாம் போட்ட புண்ணியவான் யாரு?” நோட்டீஸில் வர்த்தகர் சங்கம் என்று மட்டும் இருந்தது. அதையே இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நூர்:
எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி தினம் ஒரு வீட்டு உபயம். போர்டில் பெயர் எழுதுவோம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். இதில் என்ன சண்டை? அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளி வரிசை ரோடு வரைக்கும் நிற்கும், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். “ஆஸ்பத்திரிக்கு” என்று யாராவது சொன்னால் போதும், வரிசை தானாக வழிவிடும். போன ரமலானில் ஒரு பையன் அப்படிச் சொல்லி வாங்கிப் போனான். மறுநாள் காலி வாளியோடு நின்றான், “ஆஸ்பத்திரிக்கு” என்று சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும்தான்.