பட்டமா, ஏஐ துணையோடு கைவேலையா? வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அக்கா மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டாரைத் தானே போட்டு நிறுத்தும் கருவி ஒன்றை, சாட்ஜிபிடியிடம் கேட்டுக் கேட்டே இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டில் செய்துவிட்டான். முதலில் ரிலே (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) ‘டக்’கென்று விழும்போதெல்லாம் போர்டு ரீஸ்டார்ட் ஆனது. பவர் லைனில் கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) போடச் சொன்னது ஏஐ. போட்டான், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று கேட்டால் முழிக்கிறான். ரிலே காயில் கரண்டை இழுக்கும் நொடியில் வோல்டேஜ் இறங்குகிறது என்று யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம்.

கல்லூரி வேண்டாம், இப்படியே கற்றுக்கொள்கிறேன் என்கிறான். பி.இ. இல்லாவிட்டால் பிழைப்பு ஏது என்று அக்காவுக்குக் கவலை.

நடுவழியாக எனக்குத் தோன்றுவது சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய பி.எஸ். எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பட்டப்படிப்பு. பாடம் இணையத்தில், லேபும் தேர்வுகளும் நேரில். ஜேஇஇ எழுதத் தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு உண்டு. டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

இதில் படிக்கிறவர்கள் இருந்தால், லேப் எப்படி என்று சொல்லுங்கள். எம்பெடெட் துறையில் (கருவிகளுக்குள் இருக்கும் குட்டிக் கணினிகளைச் செய்யும் துறை) ஆள் எடுப்பவர்களே, பட்டம் இல்லாத பையன் செய்த பொருளைக் கொண்டுவந்து காட்டினால் உண்மையிலேயே பார்ப்பீர்களா? அப்புறம், விடையை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் ஏஐயிடம் ‘ஏன்’ என்று கேட்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்கினீர்கள்? கல்லூரிக்குப் பணம் கட்டும் நாள் நெருங்குகிறது, சீக்கிரம் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.