பொருள்: 'துணைக்கோள்' வேண்டாம், 'வைரஸ்சுரண்டி' எனலாமா?

வணக்கம்.

பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் குடியிருந்து, பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ் நுழைந்ததும் விழித்துக்கொண்டு, அந்த வைரஸின் உறுப்புகளை வைத்தே அடுத்த செல்லுக்குப் போய்ச் சேரும் நகரும் மரபுக்கூறுகளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: துணைக்கோள், வைரஸ் உண்ணி, உறைப்பறி.

'துணைக்கோள்' என்றால் பெரிய ஒன்றைச் சாதுவாகச் சுற்றிவரும் பொருள்தான் மாணவர் மனத்தில் எழும். நடப்பதோ வேறு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவில் இருக்கும் எஸ்ஏபிஐ1 என்ற மரபுத்தீவையே, அதாவது இத்தகைய நகரும் கூறு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ 15,000 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து இணைகள்). ஓர் அடக்கிப் புரதம் அதை உறங்க வைத்திருக்கிறது. 80ஆல்ஃபா என்ற பேஜ் உள்ளே பெருகத் தொடங்கியதும், அது தனக்காகச் செய்துகொண்ட ஒரு புரதமே போய் அந்த அடக்கியைப் பிடித்துக்கொள்கிறது. தீவு விழித்துவிடுகிறது! வெளியே வந்து தன்னைப் பிரதியெடுக்கிறது. அப்புறம் பேஜ் கட்டும் புரதக்கூட்டையே சிறிதாகக் கட்ட வைக்கிறது. சிறிய கூட்டின் கொள்ளளவு வழக்கமானதில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் தீவு அடங்கும். ஏறக்குறைய 44,000 இணைகள் கொண்ட பேஜின் டிஎன்ஏ அடங்காது. நச்சு அதிர்ச்சி நோயைத் தரும் நச்சின் மரபணு இந்தத் தீவில்தான் ஏறிப் பயணம் போகிறது. இவ்வளவும் செய்யும் ஒன்றைத் 'துணை' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

'வைரஸ் உண்ணி'யை 2008இல் அறிவிக்கப்பட்ட ஸ்புட்னிக் போன்றவற்றுக்கு விட்டுவைப்போம். அவை தாமே வைரஸ்கள். அமீபாவுக்குள் ராட்சத வைரஸ்களை அண்டிப் பெருகுபவை.

'உறைப்பறி' அழகான சொல். உறை என்பது இங்கே பேஜின் புரதக்கூடு. வழிப்பறியின் சாயல் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் தமக்கான கூட்டைத் தாமே கட்டிக்கொண்டு, பேஜின் வாலை மட்டும் எடுத்துக்கொள்ளும் கூறுகளும் உண்டு. அவற்றுக்கு இந்தப் பெயர் நிற்காது. தவிர, சில வைரஸ்களின் கொழுப்புப் படலத்தையும் நாம் உறை என்றே எழுதுகிறோம்.

ஆகவே 'வைரஸ்சுரண்டி'. மரங்கொத்தி, பாக்குவெட்டி போல இயல்பாக அமைந்த சொல். கூடு, வால், நொதி என எதை எடுத்தாலும் பொருந்தும்.

ஒரு மறுப்பு வரலாம். காலராப் பாக்டீரியாவில் உள்ள பிஎல்இ என்ற இத்தகைய கூறு, அந்தப் பாக்டீரியாவைத் தாக்கும் ஐசிபி1 என்ற பேஜின் பெருக்கத்தை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. அதைச் சமாளிக்க அந்தப் பேஜ்களில் சில, பாக்டீரியாக்களின் தற்காப்பான கிரிஸ்பரையே சுமந்து வருகின்றன. இதைச் சுரண்டல் என்றால் போதுமா? போதும் என்பேன். அழித்த பிறகும் பிஎல்இ வெளியேறுவது ஐசிபி1இன் கூட்டுக்குள் ஏறித்தான்.

சரி, சுரண்டப்படும் பேஜை என்ன சொல்வது? 'உதவி வைரஸ்' என்ற வழக்கு இருக்கிறது. அது விரும்பி உதவவில்லையே. 'ஊர்தி வைரஸ்' எனலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.