வாய் கொப்பளிச்சா தண்ணி ஒரு ஓரமா ஒழுகுது, ஸ்டீராய்டு போடலாமா?

பூட்டூர்க்காரி (செவ்வாய், இரவு)

நேத்துக் காலையில பல் விளக்கி வாய் கொப்பளிச்சேன், தண்ணி இடது ஓரமா ஒழுகி நைட்டி நனைஞ்சிருச்சு. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். காபியை ஊதப் போனா உதடு குவியலை. கண்ணாடியில பார்த்தா இடது கண்ணை மூடவே முடியலை, மூட முயற்சி பண்ணினா கருவிழி மேல போய் வெள்ளைதான் தெரியுது. பக்கவாதம்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க.

தெருமுனை டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். இடது நெத்தியில ஒரு சுருக்கம்கூட விழலை. "பக்கவாதம்னா பெரும்பாலும் நெத்தி தப்பிச்சிரும்மா. உனக்கு நெத்தியும் போயிருக்கு, கை கால் பேச்சு நல்லா இருக்கு. இது முக நரம்பு வீக்கம், பெல்ஸ் பால்சி"ன்னு சொல்லி பிரெட்னிசோலோன் 10 நாளைக்கு எழுதினார்.

"ஸ்டீராய்டா? முகம் ஊதிரும், எலும்பு அரிச்சிரும்"ங்கிறாங்க நாத்தனார். அவங்க பையன் வைரஸ் மாத்திரை ஏன் தரலைன்னு கேக்குறான். மாத்திரை பிரிக்காம மேசையிலேயே கிடக்கு. எனக்குச் சுகர், பிரஷர் இல்லை. பேங்க்ல கவுண்டர் வேலை. யாருக்காவது வந்திருக்கா?

வலப்பக்கம்

எனக்கு 2019ல. பஸ் ஜன்னல் காத்துதான் காரணம்னு ஊரே சொல்லுச்சு. மாத்திரையைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் கண்ணைப் பத்திச் சொல்றேன். இமை மூடாம காஞ்சா கருவிழி புண்ணாயிரும். பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு, இமையை நல்லா மூடினப்புறம் பேப்பர் டேப். சாப்பிடும்போது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல சோறு தங்கும், விரலால தள்ளிக்கணும். கல்யாண வீட்டுல இதைச் செய்றதுக்குள்ள போதும்போதும்னு ஆயிரும்.

கிளினிக் மேசை

நானும் குடும்ப மருத்துவன்தான். நாத்தனார் பயம் மாசக்கணக்குல ஸ்டீராய்டு போடுறவங்களுக்குப் பொருந்தும். இது 10 நாள்.

ஸ்காட்லாந்துல ஒரு ஆய்வு, 2007ல வெளியாச்சு. முகம் கோணி 72 மணி நேரத்துக்குள்ள வந்த 551 பேரை நாலு குழுவாப் பிரிச்சாங்க: பிரெட்னிசோலோன், வைரஸுக்கான அசைக்ளோவிர், ரெண்டும் சேர்த்து, வெறும் போலி மாத்திரை. சிரிச்சு, கண்ணை இறுக்கி மூடி, புருவம் தூக்கி எடுத்த போட்டோக்களைப் பார்த்து மார்க் போட்டவங்களுக்கு யாருக்கு எந்த மாத்திரைன்னு தெரியாது. 3 மாசத்துல, பிரெட்னிசோலோன் சாப்பிட்டவங்கள்ல 83 சதவீதம் பேருக்கு முழுசாத் திரும்பிருச்சு, சாப்பிடாதவங்கள்ல 64 சதவீதம். 9 மாசத்துல அதே கணக்கு 94, 82. அசைக்ளோவிரால லாபம் ஒண்ணும் தெரியலை. ஸ்வீடன், ஃபின்லாந்துல 829 பேர்கிட்ட வேற வைரஸ் மாத்திரையைச் சோதிச்சப்பவும் அதே கதைதான்.

அந்த 82ஐ இன்னொரு தடவை பாருங்க. ஸ்டீராய்டே போடாம 100ல 82 பேருக்குச் சரியாயிருக்கு. மந்திரிச்சாலும் எண்ணெய் தேய்ச்சாலும் "எனக்குக் கேட்டுச்சு"ன்னு சாட்சி சொல்ல ஆள் கிடைக்கிறது இதனாலதான்.

முகம் முழுசா அசையாம போனவங்களுக்கு வைரஸ் மாத்திரையும் சேர்த்துத் தர்ற டாக்டர்கள் உண்டு. காதுக்குள்ள, காதைச் சுத்தி கொப்புளம் இருந்தா அது அக்கி, வைத்தியமே வேற, உடனே போய்க் காட்டுங்க. இல்லைன்னா, 72 மணி நேரம் தாண்டறதுக்குள்ள அந்த அட்டையைப் பிரிங்க.

பூட்டூர்க்காரி

டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு, கொப்புளம் இல்லை. அட்டையையும் பிரிச்சாச்சு. நாத்தனார்கிட்ட சத்து மாத்திரைன்னு சொல்லியிருக்கேன், யாரும் காட்டிக் கொடுக்காதீங்க.

பூட்டூர்க்காரி (மூணு வாரம் கழிச்சு)

கண் முக்கால்வாசி மூடுது. மாஸ்க் போட்டு கவுண்டர்ல உட்கார்றேன். 'ப' சொன்னா இன்னும் காத்து ஓரமாப் போகுது, "ஐம்பது ரூபா"ங்கிறதை ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு. நேத்து கரண்ட் வந்ததும் மெழுகுவத்தியை ஊதினேன். மூணாவது ஊதல்ல அணைஞ்சுச்சு.